துப்பாக்கி நீதிமன்றம்

உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல், துப்பாக்கி முனையில் நடக்கும் கொள்ளை, பாலியல் வன்முறை, கொலை முயற்சி முதலிய குற்றங்களை விசாரிப்பதற்கென்றே தனியாக அமைக்கப்படும் குற்றவியல் நீதிமன்றம். கரீபியக் கடலிலுள்ள ஜமைக்கா 1974-ல் இயற்றிய துப்பாக்கி நீதிமன்றச் சட்டத்தால் இப்பெயர் உலகுக்குத் தெரியவந்தது. இருபதாண்டு கழித்து அமெரிக்க நகரங்கள் சிலவும் இதே பெயரில் நீதிமன்றங்களைத் தொடங்கின. பெயர் ஒன்று, பிறப்பு வேறு. ஜமைக்காவில் ஜூரி நீக்கப்பட்டது, மன்றத்தின் கதவு மூடப்பட்டது, தண்டனையின் அளவு நீதிபதியின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜூரிக்கு அரசியல் சட்டத்தின் காவல் உண்டு. ஆகவே வழக்குகளை ஒரே நீதிபதியிடம் குவித்து வாய்தாவைக் குறைப்பதோடு அங்கே நிறுத்திக்கொண்டார்கள். இக்கட்டுரை பெரும்பாலும் ஜமைக்காவைப் பற்றியது. இத்தகைய நீதிமன்றம் எதுவரை போகலாம் என்ற கேள்வி அங்கேதான் முழுதாக வழக்காடப்பட்டது.

பின்னணி

ஜமைக்கா 1962 ஆகஸ்ட் 6 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. மக்கள் தேசியக் கட்சி, ஜமைக்கா தொழிலாளர் கட்சி என்ற இரண்டு கட்சிகள்தான் அன்றும் இன்றும் மாறி மாறி ஆள்கின்றன. தலைநகர் கிங்ஸ்டனின் மேற்குப் பகுதிச் சேரிகளில் இவ்விரண்டின் போட்டியும் 1960-களிலேயே ஆயுதம் தரித்துவிட்டது. ‘பேக் ஓ வால்’ என்ற சேரி இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் டிவோலி கார்டன்ஸ் என்ற குடியிருப்பு எழுந்தது. இதைக் கட்டுவித்தவர் தொழிலாளர் கட்சி அமைச்சராக இருந்த எட்வர்டு சியாகா. வீடு யாருக்கு என்பதைக் கட்சி விசுவாசம் முடிவு செய்தது. அடுத்த கட்சியும் தன் ஆட்சி வந்தபோது இதையே செய்தது. இப்படி உருவான பகுதிகளை ஜமைக்கர்கள் ‘காரிசன்’ என்கிறார்கள், அதாவது படை தங்கும் கோட்டை. வாக்கு, வீடு, வேலை, துப்பாக்கி நான்கும் அங்கே ஒரே ஆளின் கையால் பங்கிடப்பட்டன. மேற்கு கிங்ஸ்டனில் 1966-லேயே அவசரநிலை பிறப்பிக்க நேர்ந்தது. 1967-ல் துப்பாக்கிச் சட்டம் ஒன்று வந்தது, துப்பாக்கிகள் நிற்கவில்லை. கஞ்சா வடக்கே போனது, துப்பாக்கி தெற்கே வந்தது.

துப்பாக்கிக்காரன் மீது ஒரு கவர்ச்சியும் அந்தச் சமூகத்தில் இருந்தது. 1948-ல் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட ‘ரைகிங்’ என்ற கொள்ளைக்காரனின் கதையைத் தழுவி, ஜிம்மி கிளிஃப் நடித்த ‘தி ஹார்டர் தே கம்’ திரைப்படம் 1972-ல் வெளிவந்தது. கிங்ஸ்டன் திரையரங்குகளில் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டில்தான் மக்கள் தேசியக் கட்சியின் மைக்கேல் மேன்லி பிரதமரானார். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் படித்தவர், தொழிற்சங்கவாதி, ஜனநாயக சோஷலிசத்தைக் கொடியாகப் பிடித்தவர். ஜமைக்காவின் மிகக் கடுமையான தண்டனைச் சட்டம் இவர் கையால் வந்தது என்பது அவரைப் பற்றி எழுதுவோர் பலரைத் திகைக்க வைக்கும் சங்கதி.

1974-ன் தொடக்கத்தில் கிங்ஸ்டனில் பெயர்பெற்ற வணிகர்களும் வழக்கறிஞர்களும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சேரிகளில் ஆண்டுக்கணக்காக ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது வராத அவசரம், சாவு மேட்டுத்தெருவுக்கு ஏறியதும் வந்தது என்று சொல்வதில் தவறில்லை. சில வாரங்களுக்குள் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று குற்ற ஒடுக்கல் சட்டம்: போலீஸும் ராணுவமும் சேர்ந்து ஒரு வட்டாரத்தையே வளைத்து, வாரன்ட் இல்லாமல் வீடு வீடாகச் சோதனையிடலாம். தற்காலிகம் என்று சொல்லி வந்த இச்சட்டம் ஏறத்தாழ இருபதாண்டு நீடித்தது. மற்றொன்று துப்பாக்கி நீதிமன்றச் சட்டம்.

1974-ன் சட்டம்

இதன்படி நீதிமன்றத்துக்கு மூன்று பிரிவுகள். ஒரு மாஜிஸ்திரேட் அமரும் பிரிவு. மூன்று மாஜிஸ்திரேட்டுகள் சேர்ந்து அமரும் ‘முழு மன்றப் பிரிவு’. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஜூரியோடு அமரும் சர்க்யூட் பிரிவு. மரண தண்டனைக்குரிய குற்றங்கள் மட்டும் மூன்றாவதற்குப் போகும். மற்றவை அனைத்தும் முதலிரண்டு பிரிவுகளில் ஜூரி இல்லாமல் முடிக்கப்படும். விசாரணை மூடிய கதவுக்குள் நடக்கும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஜூரியை நீக்கியதற்கு அரசு சொன்ன காரணம் பயம். ஜமைக்கா சிறு தீவு. ஜூரியில் அமரும் கடைக்காரரின் வீடு எங்கே என்பது குற்றவாளியின் ஆட்களுக்குத் தெரியும். சாட்சிக்கும் அதே கதி. எனவே ஜூரியை விலக்கு, கதவைச் சாத்து என்றார்கள். தமிழ் வாசகர்களில் இந்தியாவில் இருப்பவருக்கு ஜூரி இல்லாத கொலை வழக்கு விசாரணை புதிதல்ல; ஜூரி முறை அங்கே படிப்படியாக மறைந்து, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முற்றாக ஒழிந்தது. இலங்கையில் மேல் நீதிமன்ற வழக்குகள் சிலவற்றில் அது இன்றும் உண்டு. ஆங்கிலேயச் சட்ட மரபில் வளர்ந்த ஜமைக்கருக்கோ, ஜூரி என்பது குடிமகனுக்கும் சிறைக்கும் இடையே நிற்கும் கடைசித் தடுப்பு. அதை எடுத்துவிட்டார்கள் என்பதில் வழக்கறிஞர்கள் கொதித்தார்கள்.

ஆனால் சட்டத்தின் நெஞ்சு ஜூரியில் இல்லை, தண்டனையில் இருந்தது. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்ததாகத் தீர்ப்பானால், நீதிபதி விதிக்கக்கூடிய தண்டனை ஒன்றே ஒன்று: காலவரையற்ற கடுங்காவல். எத்தனை ஆண்டு என்று தீர்ப்பில் இருக்காது. கவர்னர் ஜெனரல் விடுதலை செய்யும்வரை உள்ளே இருக்க வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு மறுஆய்வுக் குழு. அதன் தலைவர் நீதிபதியாக இருந்தாலும், சிறைத்துறை இயக்குநர், தலைமை மருத்துவ அதிகாரி என்று மற்ற உறுப்பினர்கள் நீதித்துறைக்கு வெளியே இருந்து வந்தவர்கள். ஒரு தோட்டா பிடிபட்டாலும் தண்டனை இதுவே. பழம் துருப்பிடித்த கைத்துப்பாக்கியைப் பரணில் போட்டு மறந்த கிழவரும், கூலிக்குச் சுடும் ஆளும் ஒரே கதவால் உள்ளே போவார்கள். வெளியே வரும் நாள் இருவருக்கும் தெரியாது.

சவுத் கேம்ப் சாலை வளாகம்

நீதிமன்றத்தையும் சிறையையும் ஒரே வேலிக்குள் வைத்தார்கள். கிங்ஸ்டனின் சவுத் கேம்ப் சாலையில், அப் பார்க் கேம்ப் ராணுவ முகாமை ஒட்டி, முள்கம்பிச் சுருள்களும் காவல் கோபுரங்களும் கொண்ட வளாகம் அவசர அவசரமாக எழுந்தது. வளாகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசப்பட்டது. சிறைகளை ஊருக்கு வெளியே, மதிலுக்குப் பின்னால் மறைப்பதுதான் வழக்கம். இதைப் பஸ்ஸில் போகிற வருகிற எல்லோரும் பார்க்கும்படி நகரின் நடுவே கட்டினார்கள். கண்டால் நடுங்க வேண்டும் என்பதே அந்த நிறத்தின் வேலை. மேன்லியும் அதை மறைக்கவில்லை. பிடிபட்டவன் அந்த வேலிக்குள் நுழைந்து, அங்கேயே விசாரிக்கப்பட்டு, அங்கேயே அடைக்கப்பட்டான். முதல் மாதங்களில் கிங்ஸ்டனில் துப்பாக்கிச் சத்தம் குறைந்ததாக அரசு பெருமைப்பட்டது. அந்த அமைதி நீடிக்கவில்லை. 1976 ஜூனில், தேர்தலுக்கு முந்தைய வன்முறையால், நாடு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று ஹோப் சாலையிலிருந்த பாப் மார்லியின் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். துப்பாக்கிக்கென்றே நீதிமன்றம் இருந்த ஊரில், அந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற மனிதரைச் சுட்டதற்காக எந்த நீதிமன்றமும் யாரையும் தண்டிக்கவில்லை.

பிரிவி கவுன்சில் தீர்ப்பு

விடுதலைக்குப் பிறகும் ஜமைக்காவின் கடைசி மேல்முறையீட்டு மன்றம் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில். (இன்றும் அப்படியே.) புதிய சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவர்களின் மேல்முறையீடுகள் அங்கே போயின. ‘ஹைண்ட்ஸ் எதிர் அரசி’ என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அத்தீர்ப்பு 1975 டிசம்பரில் வந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம். வைகவுண்ட் டில்ஹோர்ன், ஃப்ரேசர் பிரபு இருவரும் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டிப்ளாக் பிரபு.

இந்தப் பெயரில் ஒரு முரண் இருக்கிறது. வட அயர்லாந்தில் பயங்கரவாத வழக்குகளை ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம் என்று 1972-ல் பரிந்துரைத்த ஆணையத்தின் தலைவர் இதே டிப்ளாக். 1973-ல் அங்கே தொடங்கிய ஜூரி இல்லா மன்றங்களுக்கு ‘டிப்ளாக் கோர்ட்’ என்றே பெயர் விழுந்தது. துப்பாக்கி, வெடிகுண்டு வழக்குகள் அங்கேயும் ஒற்றை நீதிபதியின் முன் வந்தன. பெல்ஃபாஸ்டில் ஜூரியை நீக்கச் சொன்னவர், கிங்ஸ்டன் சட்டத்தின் எந்தப் பகுதியை வெட்டினார் என்று பார்த்தால், அவர் தடுமாறவில்லை என்பது தெரியும். ஜூரி இல்லாதது பற்றியோ மூடிய கதவு பற்றியோ அவருக்கு மனக்குறை இல்லை. அவை அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்றே விட்டார். அவர் வெட்டியவை இரண்டு.

முதலாவது, முழு மன்றப் பிரிவு. கடுமையான குற்றங்களை அதுவரை விசாரித்தவர்கள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள். அவர்களை அரசு நினைத்தவுடன் நீக்க முடியாது. அதற்கு அரசியல் சட்டம் நீண்ட நடைமுறை வைத்திருந்தது. மாஜிஸ்திரேட்டுகளுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. பழைய அதிகாரத்தை எடுத்து, புதிய பலகை மாட்டிய மன்றத்துக்கு மாற்றி, பாதுகாப்புக் குறைந்த நீதிபதிகளை அதில் அமர்த்துவது அரசியல் சட்டத்தைக் கொல்லைப்புறமாகத் திருத்துவதாகும் என்றார் டிப்ளாக். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் அதற்குரிய சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். துப்பாக்கி நீதிமன்றச் சட்டமோ சாதாரணச் சட்டம்போல் நிறைவேறியிருந்தது. மூன்று மாஜிஸ்திரேட்டுகள் சேர்ந்தாலும் ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகிவிடாது.

இரண்டாவது, காலவரையற்ற சிறை. ஒரு குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று நாடாளுமன்றம் பொதுவாக விதிக்கலாம். ஓர் எல்லைக்குள் நீதிபதி தேர்ந்தெடுக்கும்படியும் விடலாம். ஆனால் இந்த மனிதன் எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதை, நீதிபதிகள் பெரும்பான்மையாக இல்லாத ஒரு குழுவிடம் ஒப்படைக்க முடியாது. ஒரு தனிமனிதனுக்குத் தண்டனை அளப்பது நீதித்துறையின் வேலை. நிர்வாகம் அதைக் கையிலெடுக்கக் கூடாது. இந்தக் கோட்பாடு பின்னர் மற்ற கரீபிய நாடுகளின் வழக்குகளிலும் ஆளப்பட்டது. 2003-ல் ஜமைக்காவிலேயே, கொலைக் குற்றத்தில் சிக்கிய சிறாரைக் கவர்னர் ஜெனரல் விரும்பும் காலம்வரை அடைத்து வைக்கும் முறை இதனடிப்படையில் செல்லாது என்று பிரிவி கவுன்சில் சொன்னது.

டிப்ளாக்கின் வாதத்துக்கு அடித்தளம் அமைத்தவற்றில் ஓர் இலங்கை வழக்கும் உண்டு. 1962-ல் கொழும்பில் ராணுவ, போலீஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டுப் பிடிபட்டார்கள். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே சிறப்புச் சட்டம் ஒன்று முன்தேதியிட்டு இயற்றப்பட்டது; குறைந்தபட்சத் தண்டனையும் அதில் கூட்டப்பட்டது. ‘லியனகே எதிர் அரசி’ என்ற அவ்வழக்கில் பிரிவி கவுன்சில் 1965-ல் அச்சட்டத்தைச் செல்லாததாக்கித் தண்டனைகளை ரத்து செய்தது. குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்து நாடாளுமன்றமே தீர்ப்பெழுதுவது நீதித்துறையின் இடத்தில் புகுவதாகும் என்பதே அதன் சாரம். அதிகாரப் பிரிவினை என்ற சொல் இலங்கை அரசியல் சட்டத்தில் எழுதப்படாமலே அதன் கட்டமைப்பில் இருக்கிறது என்று அன்று சொன்ன தீர்ப்பு, பத்தாண்டு கழித்து கரீபியச் சிறைக்கைதிகளுக்குக் கை கொடுத்தது.

1976-க்குப் பின்

தீர்ப்பை மேன்லி அரசு படித்த விதம் கவனிக்கத்தக்கது. நாடாளுமன்றம் பொதுவான, கட்டாயமான தண்டனை விதிக்கலாம் என்று டிப்ளாக் எழுதியிருந்தாரே? 1976-ன் திருத்தத்தில் காலவரையற்ற சிறை போய், கட்டாய ஆயுள் தண்டனை வந்தது. மூன்று மாஜிஸ்திரேட்டுகள் போய், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தனியாக, ஜூரியின்றி அமரும் ‘உயர் நீதிமன்றப் பிரிவு’ வந்தது. பிரிவி கவுன்சில் காட்டிய ஓட்டைகள் இரண்டும் அடைக்கப்பட்டன. கைதியின் நிலைமையோ மேலும் கெட்டது. முன்பு என்றைக்கு விடுதலை என்று தெரியாது. இப்போது ஆயுள் என்று தெரிந்தது. சட்டப்படி வென்ற வழக்கு நடைமுறையில் தோற்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இதையும் எதிர்த்தார்கள். ஜூரி விசாரணை ஜமைக்க அரசியல் சட்டம் உறுதிசெய்த உரிமை அல்ல என்று ‘ஸ்டோன் எதிர் அரசி’ வழக்கில் 1980-ல் பிரிவி கவுன்சில் முடித்துவைத்தது. கொலை வழக்கு ஜூரியின் முன்னும், கொலை முயற்சி ஒற்றை நீதிபதியின் முன்னும் நடக்கும் விசித்திரம் அப்போது நிலைபெற்றது: குண்டு பட்டவர் செத்தால் ஜூரி, பிழைத்தால் ஜூரி இல்லை.

அதே 1980-ல் நடந்த தேர்தல் ஜமைக்க வரலாற்றிலேயே இரத்தம் மிகுந்தது. அந்த ஆண்டில் 800-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மேன்லி தோற்று, சியாகா பிரதமரானார். 1983-ல் கட்டாய ஆயுள் நீக்கப்பட்டு, எத்தனை ஆண்டு என்று முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதியிடம் திரும்பி வந்தது. ஆக, 1974-ன் சட்டத்தை அச்சமூட்டும் சட்டமாக்கிய பகுதிகள் பத்தாண்டுக்குள் உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது ஜூரி இல்லாத ஒற்றை நீதிபதி. அது இன்றும் இருக்கிறது.

ஒற்றை நீதிபதியின் பிரச்சினை வேறு வகையானது. ஜமைக்கத் துப்பாக்கி வழக்குகள் பெரும்பாலும் கண்ணால் கண்ட சாட்சியில் நிற்பவை. இருட்டில், சில விநாடிகள், தெருவிளக்கின் அரைவெளிச்சத்தில் ஒரு முகம். ஜூரி இருந்தால், இத்தகைய அடையாளச் சாட்சியம் ஏமாற்றக்கூடியது, நேர்மையான சாட்சியும் தவறு செய்வார் என்று நீதிபதி அவர்களை எச்சரித்தாக வேண்டும். எச்சரிக்கை பதிவில் இருக்கும். விடுபட்டிருந்தால் மேல்முறையீட்டில் பிடிக்கலாம். நீதிபதியே ஜூரியாகவும் இருக்கும்போது அவர் யாரை எச்சரிப்பார்? நீதிபதிக்குத் தெரியாதா என்று விட்டுவிடலாமா? 1990-ஐ ஒட்டி ஜமைக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குத் தெளிவான விடை சொன்னது. தனியாக அமரும் நீதிபதி தன்னைத் தானே எச்சரித்துக்கொண்டதாக நாமே ஊகித்துக்கொள்ள முடியாது. அந்த அபாயத்தை மனத்தில் கொண்டே தீர்ப்புக்கு வந்தார் என்பது தீர்ப்பிலேயே வெளிப்படையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தண்டனை நிற்காது. துப்பாக்கி நீதிமன்றத்தின் வரலாற்றில் கைதிகளுக்கு அன்றாடம் பயன்பட்ட பாதுகாப்பு இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிரிவி கவுன்சில் தீர்ப்பைப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. அடையாளச் சாட்சியம் பற்றிய இந்த விதியோ வழக்கு வழக்காக ஆட்களைக் காப்பாற்றியது. வட அயர்லாந்தின் டிப்ளாக் மன்றங்களில் இதற்கு இணையான ஏற்பாடு சட்டத்திலேயே இருந்தது: தண்டிக்கும் நீதிபதி காரணங்களை எழுத்தில் தர வேண்டும், தண்டனை பெற்றவர் யாருடைய அனுமதியும் கேட்காமல் மேல்முறையீடு செய்யலாம்.

வழக்குகளை வேகமாக முடிக்கலாம் என்ற நம்பிக்கையும் மெல்லச் செத்தது. எல்லாத் துப்பாக்கி வழக்கும் ஒரே வாசலுக்கு வர வேண்டும் என்றால், துப்பாக்கி பெருகப் பெருக வாசலில் கூட்டம்தான் பெருகும். தடயவியல் அறிக்கை வரவில்லை, போலீஸ்காரர் வரவில்லை, சாட்சி ஊரைவிட்டே போய்விட்டார், சில சமயம் சாட்சியே கொல்லப்பட்டார் என்று வாய்தாக்கள் நீண்டன. நெரிசலைத் தணிக்க மாண்டிகோ பேயில் மேற்கு வட்டாரத் துப்பாக்கி நீதிமன்றம் ஏற்பட்டது. சவுத் கேம்ப் வளாகத்தில் மன்றம் அமர்வது 1999-ல் நின்று, வளாகம் வெறும் சிறையாக மிஞ்சியது. 2005-ல் மட்டும் ஜமைக்காவில் 1,674 கொலைகள் பதிவாயின. மக்கள்தொகை முப்பது லட்சத்தை எட்டாத நாடு அது.

2010-ல், கடும் குற்றங்களில் கைதானோருக்கு அறுபது நாள் ஜாமீன் இல்லை என்ற திருத்தம் வந்தது. மறு ஆண்டே நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. சட்டத்தை முறுக்குவதும் நீதிமன்றம் தளர்த்துவதும் அந்நாட்டில் பருவமழைபோல் திரும்பத் திரும்ப வருகிறது.

அமெரிக்காவில்

அமெரிக்காவின் துப்பாக்கி நீதிமன்றங்கள் ஜமைக்காவைப் பார்த்து எழுந்தவை என்பதைவிட, 1989-ல் மயாமியில் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்றத்தின் வாரிசுகள் என்பதே பொருந்தும். ஒருவகை வழக்குகளை ஒரே நீதிபதி தொடர்ந்து பார்த்தால் அனுபவம் சேரும், கட்சிக்காரர் ஏமாற்ற முடியாது, வழக்கு இழுக்காது என்பது கணக்கு. ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 1994-ல் வயதுவந்தோருக்கான துப்பாக்கி நீதிமன்றம் தொடங்கியது. அதற்குமுன் ஓராண்டுக்கு மேல் இழுத்த வழக்குகள் அங்கே சராசரியாகச் சில மாதங்களில் முடிந்தன. ஜூரி வேண்டுமென்று கேட்பவருக்கு ஜூரி உண்டு. கதவும் திறந்தே இருந்தது.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் 1995-ல் தொடங்கியது சிறாருக்கானது. பள்ளிப் பையில் துப்பாக்கியோடு பிடிபட்ட பையனை அங்கே சில நாட்களுக்குள் நீதிபதி முன் நிறுத்துவார்கள். முதல் குற்றமானால் 28 நாள் ராணுவப் பாணிப் பயிற்சி முகாம். அதே வாரங்களில் அவனுடைய பெற்றோருக்கும் வகுப்பு. வராத பெற்றோர் நீதிபதிக்குப் பதில் சொல்ல வேண்டும். பையன் திரும்பி வந்தபின் மாதக்கணக்கில் கண்காணிப்பு. துப்பாக்கி நீதிமன்றம் என்ற பெயரைத் தாங்கியவற்றில், வீட்டுக்குள் நுழைந்து பார்க்க முயன்றது இது ஒன்றுதான் எனலாம்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 2003-ல் தொடங்கியது வேறு ரகம். கொலை மிகுந்த சில காவல் வட்டாரங்களின் துப்பாக்கி வழக்குகள் ஒரே மன்றத்துக்குத் திருப்பப்பட்டன. நோக்கம் வேகத்தோடு கடுமையும். 2006-ல் மாநிலச் சட்டமும் மாறி, உரிமமின்றி நிரப்பிய துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வைத்திருப்பதற்குக் குறைந்தபட்சம் மூன்றரை ஆண்டுச் சிறை என்றானது. 2016 ஜனவரியில் மேயர் பில் டி பிளாசியோ இதை இரண்டு நீதிபதிகளோடு புதுப்பித்து, ஆறு மாதத்துக்குள் வழக்கை முடிப்பது இலக்கு என்றார். பிலடெல்ஃபியாவும் பாஸ்டனும் இடையே தத்தம் மன்றங்களைத் தொடங்கியிருந்தன.

புரூக்ளின் மன்றத்தில் வந்து நின்றவர்கள் யார்? பத்திரிகையாளர் எமிலி பாசலோன் 2019-ல் வெளியிட்ட ‘சார்ஜ்ட்’ நூலுக்காக அங்கே உட்கார்ந்து பார்த்தபோது, பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களைக் கண்டார். பலர் மீது சுட்டதாகக் குற்றச்சாட்டே இல்லை, வைத்திருந்தார்கள், அவ்வளவே. தேவாலயங்களோடு சேர்ந்து நடத்திய ஒரு திருத்தத் திட்டம் சிலரைச் சிறையிலிருந்து காத்தது, ஆனால் அதற்குள் யாரை அனுமதிப்பது என்பது அரசு வழக்கறிஞரின் கையில் இருந்தது. இதிலிருந்து விளைந்த கூட்டணி ஒன்று பலரை வியக்க வைத்தது. நியூயார்க்கின் துப்பாக்கி உரிமச் சட்டத்தைத் துப்பாக்கி ஆதரவாளர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்த ‘புரூயன்’ வழக்கில், ஏழைகளுக்காக வாதாடும் பிராங்ஸ், புரூக்ளின் பொது வழக்கறிஞர் அமைப்புகள் அவர்கள் பக்கம் நின்று மனுப்போட்டன. இச்சட்டத்தில் சிறைக்குப் போவது எங்கள் கட்சிக்காரர்கள்தான் என்பது அவர்கள் வாதம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமச் சட்டத்தை ரத்து செய்தது.

இன்றைய நிலை

ஜமைக்காவிலும் நீதிமன்ற வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் துப்பாக்கியைச் சுமந்தவரே; அனுப்பியவர் அல்ல. தீவில் துப்பாக்கி செய்யப்படுவதில்லை என்றே சொல்லலாம். மூலம் கண்டறியப்பட்டவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில், குறிப்பாகப் புளோரிடாவில், சட்டப்படி விற்கப்பட்டுச் சரக்குப் பெட்டிகளில் ஒளிந்து கிங்ஸ்டன் துறைமுகத்துக்கு வந்தவை. புளோரிடாவில் கடையில் துப்பாக்கி வாங்கியவர் கிங்ஸ்டன் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவர் அல்ல. துறைமுகத்தில் பெட்டியைத் திறக்காமல் விட்டவர் பிடிபடுவது அரிது.

2022-ல் ஜமைக்கா 1967-ன் சட்டத்தை நீக்கிப் புதிய துப்பாக்கிச் சட்டம் இயற்றியது. நவம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. கடத்தலும் பதுக்கலும் தனிக்குற்றங்களாகக் கடுமையாக்கப்பட்டன. சட்டவிரோதத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இப்போது குறைந்தபட்சத் தண்டனை 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். 1983-ல் நீதிபதியிடம் திரும்பிய அதிகாரத்தில் ஒரு பெரும்பகுதி இப்படி மீண்டும் நாடாளுமன்றத்திடம் போனது. வழக்குகள் இன்றும் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் முன், ஜூரியின்றி, துப்பாக்கி நீதிமன்றத்தின் உயர் நீதிமன்றப் பிரிவில்தான் நடக்கின்றன.